கலியாண வீடியோ வெட்ட மக் மினியா, மக்புக் எயாரா, ஆர்டிஎக்ஸ் லப்டொப்பா?

களுவாஞ்சிக்குடி ஸ்டூடியோ:

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, இடைக்கிடை பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. இதுவரை வேலை பார்த்தது இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டொப், 16 ஜீபி ரேம். பழைய கமராவின் எச்டி வீடியோவை அது முகம் சுளிக்காமல் வெட்டித் தந்தது. சோனி ஏ7 மார்க் 4 வாங்கிய பிறகுதான் பிரச்சினை. 4கே 50பி, எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (நிற விபரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் வகை) என்று எடுத்த கோப்பை டைம்லைனில் போட்டால் படம் நின்று நின்று போகிறது. புரொக்சி, அதாவது வெட்டுவதற்கென்று சின்ன நகல், செய்து வெட்டலாம்தான். புரொக்சி முடியும்போது விடிந்துவிடும்.

இப்போது இன்னொரு தேவையும் சேர்ந்துவிட்டது. காலையில் தாலி கட்டியதை மத்தியானப் பந்திக்கு முன் மண்டபத்துத் திரையில் இரண்டு நிமிடப் படமாகப் போடச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் போட்டால் அடுத்த வீட்டிலும் கேட்பார்கள், தெரியும்தானே.

கையில் நாலரை இலட்சம் இருக்கிறது. எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மூன்று வழி பார்த்து வைத்திருக்கிறேன். அப்பிளின் எம்4 சிப் போட்ட, திரை இல்லாத மக் மினியின் ஆரம்ப மொடல், 16 ஜீபி ரேம், 256 ஜீபி எஸ்எஸ்டி. மொனிட்டர் என்னிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் அதே சிப் உள்ள லப்டொப்பான எம்4 மக்புக் எயார். அதுவும் இல்லாவிட்டால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் போட்ட விண்டோஸ் லப்டொப். கிட்டத்தட்ட எயாரின் விலைக்கே 1 டீபி எஸ்எஸ்டியுடன் கிடைக்கிறது. விபரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லப்டொப்தான் வெல்கிறது. ஆனால் அப்பிள் வைத்திருக்கிறவர்கள் அதை விட்டு வருவதாகவும் இல்லை. பெயருக்குத்தான் காசு கொடுக்கிறோமா, வேலைக்கா? யூடியூப்பில் பார்த்த சோதனைகள் எல்லாம் ஏசி அறையில் செய்தவை. நம்முடைய வெக்கையிலும் கரண்ட் வந்துபோகும் ஊரிலும் பாவித்தவர்கள் சொல்லுங்கள்.


ஒலுவில் ஹொஸ்டல்:

அண்ணன், யோசிக்கவே தேவையில்லை, ஆர்டிஎக்ஸ் எடுங்கள். ரேம் காணாவிட்டால் இரண்டு திருகைக் கழற்றி இன்னொன்று போடலாம். எஸ்எஸ்டி நிரம்பினால் இரண்டாவது ஸ்லொட் இருக்கிறது. மக்கில் என்ன செய்வீர்கள்? வாங்கிய அன்று இருந்ததுதான் கடைசி வரைக்கும். எங்கள் ஹொஸ்டலில் ஒருவன் எயார் வைத்திருக்கிறான், யூஎஸ்பி பென் குத்துவதற்கும் ஒரு வயர் கடன் கேட்டுத் திரிகிறான். அந்தக் காசுக்கு நீங்கள் கேமும் விளையாடலாம்.


கல்முனை ரிப்பெயர் மேசை:

நான் கல்முனையில் லப்டொப் திருத்துகிறவன், விற்கிறவன் இல்லை. தம்பி எதை வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான். எல்லாம் ஒருநாள் இந்த மேசைக்கு வந்துதான் தீரும்.

முதலில் உங்கள் கோப்பைப் பார்ப்போம். ஐ5 திணறுவதற்குக் காரணம் அதன் வேகக் குறைவு மட்டும் இல்லை. எச்.265ஐப் பிரித்துப் படமாக்குவதற்கு சிப்புக்குள்ளேயே தனிச் சுற்று ஒன்று இருக்கும். எட்டாம் தலைமுறை இன்டெலில் உள்ள சுற்றுக்கு நிற விபரம் குறைந்த 4:2:0 தெரியும், 4:2:2 தெரியாது. தெரியாததால் முழுப் பாரமும் சிப்பின் சாதாரண மையங்களின் (கோர்) தலையில் விழுகிறது. ரேமை 64 ஆக்கினாலும் இது தீராது. அப்பிளின் எம்1 தொடக்கம் எல்லாச் சிப்பிலும் எச்.265 4:2:2 10 பிட்டுக்கு வன்பொருள் உதவி இருக்கிறது. இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து தாராளமாக இருக்கிறது. என்விடியாவிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. 30இலும் 40இலும் இல்லை. ஏஎம்டியின் ரைசன் சிப் போட்ட லப்டொப்களிலும் இல்லை.

ஆகவே 4060 என்று பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் உங்களுடைய வெட்டும் வேலைக்கு நேரடியாக உதவாது. அந்த லப்டொப்பில் இன்டெல் இருந்தால் பிழைத்தீர்கள், ரைசன் இருந்தால் புதுக் கணினியிலும் பழைய திணறல்தான். கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குப் பதில் தெரிகிறது என்று.

4060இல் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. லப்டொப் 4060க்கு என்விடியா கொடுத்திருக்கும் மின் எல்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். மெல்லிய உடம்புக்குள் 45 வாட்டில் ஓடுவதும் 4060, தடித்த உடம்புக்குள் 115இல் ஓடுவதும் 4060. விலைச்சீட்டில் அந்த எண்ணைப் போடுகிற கடையை நான் இன்னும் காணவில்லை. சார்ஜரைக் கழற்றினால் எல்லாமே இன்னும் இறங்கிவிடும். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் வரைக்கும் உங்கள் எக்ஸ்போர்ட் தவழும். மக்புக்கில் இந்த வித்தியாசம் இல்லை. பற்றரியிலும் அதே வேகம்.

ஆர்டிஎக்ஸை நான் கழித்துக்கட்டவில்லை. இரவில் எடுத்த திருவிழாக் காட்சியின் நொய்ஸ் நீக்குவது, முப்பரிமாண வேலை, ஒலுவில் தம்பி சொன்ன கேம், இவற்றில் அது மினியை எழும்ப விடாது. உங்களுக்கு அந்த வேலை எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சரி, அப்பிளுக்கு வருவோம். ஆட்கள் அப்பிள் விலை அதிகம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்த அளவில் அதன் விலை ஒரு படிக்கட்டு: முதல் படி நிலத்தோடு இருக்கும், இரண்டாவது படி இடுப்பளவு உயரத்தில் இருக்கும். 2024இல் வெளிவந்தபோது எம்4 மினியின் ஆரம்ப விலை அமெரிக்காவில் 599 டொலர். 256ஐ 512 ஆக்க 200 டொலர். 16 ஜீபி ரேமை 24 ஆக்க இன்னும் 200. ஆக 24க்கு 512 கேட்டால் 999. அந்த 400 டொலருக்கு உங்களுக்குக் கிடைத்தது 8 ஜீபி ரேமும் 256 ஜீபி இடமும். ஆரம்ப மினியின் முழு விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான காசு இந்த இரண்டு துண்டுக்கும் போகிறது. லாபம் எங்கே இருக்கிறது என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அதே சமயம் 599க்குக் கிடைக்கிற சிப்பைப் பார்த்தால், அந்த விலைக்கு ஈடாக நிற்கிறது வேறு அதிகம் இல்லை. வேகம் அளக்கும் கீக்பெஞ்ச் 6 சோதனையில் ஒற்றை மையத்தின் புள்ளி எம்1க்கு 2,300 அளவில் வரும், எம்4க்கு 3,700 அளவில். ஆரம்ப மொடலிலும் இதே சிப்தான், 999 டொலர் மினியிலும் இதே சிப்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

ரேமை ஒட்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் பாதி நியாயம். எம் வரிசையில் ரேம் சிப்புடனேயே ஒரே தட்டில் இருக்கிறது. சாதாரண மையங்களும் கிராபிக்ஸ் மையங்களும் அதைப் பங்கிட்டுப் பாவிக்கின்றன. எம்4இல் அந்தப் பாதையின் வேகம் விநாடிக்கு 120 ஜீபி. இப்படி நெருக்கமாக வைப்பதில் வேகமும் உண்டு, மின்சார மிச்சமும் உண்டு. இன்டெலே 2024இல் லூனர் லேக் என்ற சிப்பில் ரேமைச் சிப்போடு சேர்த்தது. எல்லாவற்றையும் கழற்றலாம் என்று சொல்லியே வியாபாரம் செய்கிற பிரேம்வேர்க் கொம்பனிகூட 2025இல் அறிவித்த டெஸ்க்டொப்பில் ரேமை ஒட்டித்தான் விட்டது. ஆகவே ரேமுக்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. எஸ்எஸ்டிக்கு அந்தச் சாட்டு இல்லை. எம்4 மினிக்குள் எஸ்எஸ்டி தனிச் சின்ன அட்டையில்தான் வருகிறது, கழற்றலாம்; அப்பிளின் சொந்த வடிவம் என்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண எம்.2 அதில் ஏறாது. மக்புக்கில் அதையும் போர்டோடு ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி செத்தால் வெளியிலிருந்தும் கணினியை எழுப்ப முடியாது. திருத்துகிறவனாக எனக்கு அவர்கள் மேல் இருக்கும் பெரிய கோபம் இதுதான்.

ஆனால் உங்கள் தொழிலுக்கு உள்ளே இருக்கும் இடம் ஒரு பொருட்டே இல்லை. ஏ7 மார்க் 4 அந்தத் தரத்தில் விநாடிக்கு 200 மெகாபிட் எழுதும். ஒரு மணித்தியாலத்துக்கு 90 ஜீபி. 200 டொலர் கூடக் கொடுத்து வாங்கும் 256 ஜீபிக்குள் மூன்று மணித்தியாலப் படம்கூட அடங்காது. பொன்னுருக்கலும் தாலிகட்டும் எடுத்த உடனே நிரம்பும். எப்படியும் வெளி எஸ்எஸ்டி வாங்கத்தான் போகிறீர்கள். ஒரு கோப்பு ஓடுவதற்கு விநாடிக்கு 25 மெகாபைட்தான் வேண்டும், நாலு கமராவை ஒன்றாக ஓட்டினாலும் 100. யூஎஸ்பி 10 ஜிகாபிட் எஸ்எஸ்டி ஒன்று விநாடிக்கு 1,000 மெகாபைட்டுக்குக் கிட்ட வாசிக்கும். 20 ஜிகாபிட் என்று எழுதியதை யாராவது கூடின விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள். எம்4 மினியிலும் எயாரிலும் அந்த வகை 10இல்தான் ஓடும்.

அடுத்தது வெக்கை. எயாருக்குள் விசிறி இல்லை. சின்ன வேலைக்கு அது சுகம், சத்தமே இல்லை. நீண்ட எக்ஸ்போர்ட்டில் உடம்பு சூடேறியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பிள் மக்புக்குகளுக்குச் சொல்லியிருக்கும் சுற்றாடல் வெப்ப எல்லை 10 முதல் 35 பாகை. கச்சான் அடிக்கிற மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு தகரக் கூரைக்குக் கீழே அந்த மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் இருப்போம். மினிக்குள் விசிறி இருக்கிறது. ஒரே சிப் என்றாலும் ஒரு மணித்தியாலம் விடாமல் ஓட்டும்போது மினி நிமிர்ந்து நிற்கும்.

விசிறியையும் துளைகளையும் வடிவுக்காகப் பலி கொடுப்பது அந்தக் கொம்பனியின் பழைய பழக்கம். 2000ஆம் ஆண்டு ஜீ4 கியூப் என்று விசிறி இல்லாத, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அடுத்த வருடமே நிறுத்தினார்கள். 2013இல் உருளை வடிவில் மக் புரோ. அந்த வெப்ப அமைப்புக்குள் தாங்களே மாட்டிக்கொண்டதாக 2017இல் அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். 2016 மக்புக் புரோவில் எச்டிஎம்ஐயையும் எஸ்டி கார்ட் துளையையும் எடுத்தார்கள், 2021இல் இரண்டும் திரும்பி வந்தன. மெல்லிசாக்குகிறோம் என்று 2015இல் தொடங்கிய பட்டர்பிளை கீபோர்ட்டை 2019, 2020இல் கைவிட்டார்கள். அந்த வழக்கைத் தீர்க்க 50 மில்லியன் டொலர் ஒதுக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் திருந்தியிருக்கிறார்கள், உண்மைதான். திருந்த எடுத்த நாலைந்து வருடத்தில் வாங்கியவர்கள்தான் பாவம். அதனால் அப்பிள் எதையாவது புது வடிவில் விட்டால் முதல் வருடம் வாங்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். எம்4 மினியின் உடம்பும் 2024இல் வந்த புது வடிவம்தான். ஆனால் உள்ளே காற்றுப் போகும் வழி ஒழுங்காக இருக்கிறது, மின் வழங்கியும் உள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று, உப்புக்காற்று. பாண்டிருப்பில் கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு லப்டொப் வந்தது, கொம்பனிப் பெயர் வேண்டாம். யன்னலோரம் வைத்துப் பாவித்திருக்கிறார்கள். விசிறிக்குப் பக்கத்துத் தகடுகள் பொரிந்து, போர்ட்டில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. விசிறி உள்ள எதுவும் காற்றோடு உப்பையும் இழுக்கும், மினியும் விதிவிலக்கு இல்லை. கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். வேலை முடிந்ததும் மூடிக் கட்டிவைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும்.

என் பேச்சைக் கேட்டால் ஆரம்ப மினி, வெளியே 2 டீபி எஸ்எஸ்டி, நல்ல யூபிஎஸ் ஒன்று. மண்டபத்துக்கும் அதையே கொண்டுபோகலாம். ஒரு பக்கம் 12.7 சென்ரிமீற்றர், உயரம் 5, எடை முக்கால் கிலோவும் இல்லை. மண்டபத்துத் திரைக்கு எச்டிஎம்ஐ வயரைக் குத்தினால் அதுவே மொனிட்டர்.


களுவாஞ்சிக்குடி ஸ்டூடியோ:

காக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. நன்றி. லப்டொப் கடைக்கு இப்போதுதான் போன் எடுத்துக் கேட்டேன். ரைசன்தானாம். 4:2:2 என்றதும் "அது கமராவில் பார்க்க வேண்டிய விசயம் தம்பி" என்று வைத்துவிட்டார்.

இன்னும் சில சந்தேகம். ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்றால் இப்போதே 24 எடுப்பது நல்லதில்லையா? என்னிடம் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் நிறைய இருக்கின்றன, எல்லாம் விண்டோஸில் எழுதியவை. அதோடு அழைப்பிதழ் வேலையும் கொஞ்சம் செய்கிறேன். எல்லாம் பாமினி எழுத்துருவில், பாதி பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கிறது. மக்கில் அது நடக்குமா?


அரசடி டிசைனர்:

பாமினிக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். மட்டக்களப்பு ரவுணில் அழைப்பிதழ், மலர், நினைவு அஞ்சலிப் பதாகை எல்லாம் செய்கிறேன். என்னிடம் இருப்பது எம்1 எயார், 8 ஜீபி, 256.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு. எழுத்துருக் கோப்பை மக்கில் நிறுவி, ஆங்கிலக் கீபோர்ட்டிலேயே அடித்தால் வரும். விரல் பழகிய இடங்கள் மாறாது. இலஸ்ட்ரேட்டரில் திறந்த பழைய வேலைகள் எனக்கு ஒழுங்காகவே வந்தன. யூனிகோடில் அடிக்க வேண்டுமென்றால் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் மக்கோடேயே வருகின்றன. கூடவே வரும் இணைமதி எழுத்துரு முத்து நெடுமாறன் செய்தது. தலைப்புக்கு வடிவாக இருக்கும்.

பேஜ்மேக்கரை மறந்துவிடுங்கள். அதன் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்ததே 2001இல். இப்போதைய மக்கில் அது ஓடாது. எம் வரிசை மக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவவும் முடியாது; மக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பரலல்ஸ் போன்ற மென்பொருள் ஒன்றுக்குள் ஏஆர்எம் வகைச் சிப்புக்கான விண்டோஸ்தான் போடலாம். அதற்கென்று காசு செலவழிக்காதீர்கள், உங்கள் ஐ5ஐயே மூலையில் வைத்திருங்கள். எட்டாம் தலைமுறை என்பதால் அதில் விண்டோஸ் 11 ஏறும். ஏழாக இருந்திருந்தால் பெரும்பாலும் ஏறியிருக்காது.

ரேம் பற்றி. 8 ஜீபியில் ஒரு பதாகை, ஒரு போட்டோஷொப், பத்துப் பதினைந்து குரோம் ஜன்னல் வரைக்கும் என்னுடையது பிரச்சினை தரவில்லை. பதாகை இருபது அடிக்குப் போய், போட்டோஷொப்பில் ஐம்பது லேயர் சேர்ந்தால் எஸ்எஸ்டியைக் கடன் வாங்கத் தொடங்கும், கேர்சர் வட்டம் சுற்றும். 2020 நவம்பரில் எம்1 வந்த நாளிலிருந்து 8 ஜீபி போதும் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 ஒக்டோபரில் எயாரின் ஆரம்ப அளவை 16 ஆக்கினார்கள், விலையைக் கூட்டாமலே. போதும் என்றது நம்முடைய வேலையைப் பார்த்துச் சொன்னதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

விசிறி இல்லாதது எனக்கு லாபம். என் அறை ரோட்டுப் பக்கம், புழுதி. உள்ளே இழுக்க ஒன்றும் இல்லாததால் இன்னும் சுத்தமாகவே இருக்கிறது. நான் எக்ஸ்போர்ட் செய்வது பீடிஎஃப், உங்களைப் போல ஒரு மணித்தியாலப் படம் இல்லையே. ஒன்று கவனியுங்கள். எம்2 எயார் யாராவது மலிவாகத் தந்தால் 256 ஜீபி மொடலை எடுக்க வேண்டாம். ஒரேயொரு சேமிப்புச் சிப் போட்டதால் அதன் எஸ்எஸ்டி எம்1ஐ விட வாசிப்பில் பாதி வேகத்துக்கு இறங்கியது. விலை 1,199க்கு ஏறிய மொடலில் அந்தச் சிக்கனம். எம்3இல் சரிசெய்தார்கள்.


ஒலுவில் ஹொஸ்டல்:

ரைசன் விசயம் எனக்கும் புதுசு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காக்கா சொன்ன 599 அமெரிக்க விலை. இங்கே 300 ரூபாவால் பெருக்கிப் பார்த்தால் 1,80,000க்குக் கிட்ட. அந்த விலைக்கு யார் தருகிறார்கள்? 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம், கடைக்காரரின் லாபம், எல்லாம் ஏறித்தான் வருகிறது. அப்பிளின் சொந்தக் கடை இலங்கையிலேயே இல்லை. அந்த மொத்தக் காசுக்கு நல்ல டெஸ்க்டொப் ஒன்று பூட்டலாமே? கழற்றலாம், மாற்றலாம், கல்முனையிலேயே சாமான் கிடைக்கும்.


கல்முனை ரிப்பெயர் மேசை:

இது சரியான கேள்வி. மினிக்கு உண்மையான போட்டி லப்டொப் இல்லை, பூட்டிய டெஸ்க்டொப்தான். 12ஆம் தலைமுறை ஐ5 ஒன்றை எடுத்தாலே போதும், உள்ளேயிருக்கும் கிராபிக்ஸ் 4:2:2 கோப்பைப் பிரிக்கும். மொடல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் மட்டும் வாங்கக் கூடாது. அதில் உள் கிராபிக்ஸ் இல்லை, கொஞ்சம் மலிவாக இருப்பதால் கடையில் அதைத்தான் தலையில் கட்டுவார்கள். ரேம் 16இல் தொடங்கிப் பிறகு 32, 64 என்று வசதிப்படி ஏறலாம். பவர் சப்ளை எரிந்தால் அன்றைக்கே மாற்றித் தருவேன். மினியின் பவர் சப்ளை போனால் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஸ்டூடியோவை விட்டு வெளியே போகாத கணினி என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் தம்பிக்கு மண்டபத்து வேலை இருக்கிறது. டெஸ்க்டொப்பை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போக முடியாது. அதோடு மின்சாரம். சும்மா இருக்கும்போது எம்4 மினி எடுப்பது 4 வாட், உச்சத்தில் 65 என்று அப்பிள் சொல்கிறது. கிராபிக்ஸ் கார்ட் போட்ட டெஸ்க்டொப் உச்சத்தில் அதைப் போல நாலைந்து மடங்கு எடுக்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சின்ன 650 விஏ யூபிஎஸ்ஸில் டெஸ்க்டொப் சேவ் பண்ணி நிறுத்துவதற்குள் போய்விடும். மினி அதில் ஒரு எக்ஸ்போர்ட்டை முடித்துவிட்டு நிற்கும்.

24 ஜீபி பற்றி: டாவின்சி எடிட்டிங் மென்பொருளில் பல லேயர் எஃபெக்ட், நொய்ஸ் நீக்கம் என்று போகிறவர் என்றால் எடுங்கள். வெட்டி, நிறம் திருத்தி, பாட்டுப் போடுகிறவர் என்றால் 16 காணும். எஸ்எஸ்டியை வெளியே வைக்கலாம், ரேமை வைக்க முடியாது. ஆகவே எங்காவது ஒரு படி ஏறியே ஆக வேண்டும் என்று மனசு கிடந்தால் ரேமில் மட்டும் ஏறுங்கள்.

பழைய டிஸ்க்குகள் விண்டோஸின் வடிவமான என்டிஎஃப்எஸ் ஆக இருக்கும். மக் அவற்றை வாசிக்கும், எழுதாது. பழைய கலியாணங்களை எடுத்துக் கொடுக்க அது போதும். புது எஸ்எஸ்டியை மக்கின் சொந்த வடிவமான ஏபிஎஃப்எஸ்ஸில் போடுங்கள். எக்ஸ்ஃபட்டில் போட்டால் இரண்டு பக்கமும் ஓடும்தான், எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு அட்டவணை குழம்பிவிடும். அடுத்தவருடைய கலியாணத்தை அதில் வைக்க எனக்குத் துணிவு வராது.

மென்பொருளையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். டாவின்சியின் இலவசப் பதிப்பே 4கே 60பி வரை தரும். ஃபைனல் கட் 299 டொலர், ஒரே தடவை. மாதா மாதம் கட்டுகிற பிரிமியரை இதோடு வைத்து மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், ஒரு மினி வரும்.


வாழைச்சேனை டிரோன்:

ஏன் ஒருவரும் பாவித்த எம்1 புரோ 14 அங்குலம் பற்றிக் கதைக்கவில்லை? 2021 மொடல். விசிறி, எஸ்டி கார்ட் துளை, எச்டிஎம்ஐ எல்லாம் இருக்கு. ரேம் பாதை விநாடிக்கு 200 ஜீபி, எம்4ஐ விடக் கூட. திரை 120 ஹேர்ட்ஸ். நான் டிரோன் படம் முழுக்க இதில்தான் வெட்டுகிறேன். மண்டபத்துக்குக் கொண்டுபோக இதை விட நல்லது இல்லை. பாவித்தது என்றால் நாலரை இலட்சத்துக்குள் வரும்.


கல்முனை ரிப்பெயர் மேசை:

நல்ல கணினி, மறுப்பே இல்லை. அப்பிள் தன் பிடிவாதத்தை விட்டுச் செய்த மொடல். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த மக்புக்குகளில் இரண்டு விசயம் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. விற்கிறவரின் முன்னாலேயே கணினியை முழுதாக அழித்து, வைஃபையில் இணைத்து, புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். தொலைநிலை நிர்வாகம் என்று ஒரு திரை வந்தால் அது ஏதோ ஒரு கொம்பனியின் சொத்து, இன்னும் அவர்களின் பதிவில் இருக்கிறது. பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கைக் கேட்டால் அக்டிவேஷன் பூட்டு விழுந்திருக்கிறது. இரண்டையும் என்னால் திருத்த முடியாது. திருத்தித் தருவேன் என்று சொல்கிறவரிடமும் கொடுக்காதீர்கள்.

பற்றரி 1,000 சுற்றுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. சிஸ்டம் விபரத்தில் எண்ணிக்கை இருக்கும், பாருங்கள். பசை போட்டு ஒட்டியது, மாற்றுவது சுகமான வேலை இல்லை. கீபோர்ட்டில் ஒரு கட்டை போனாலும் மேல் உடம்போடு சேர்த்து மாற்றும் கதைதான். விலையில் அதையும் கழித்துக் கேளுங்கள்.


களுவாஞ்சிக்குடி ஸ்டூடியோ:

வாழைச்சேனை அண்ணன் குறை நினைக்க வேண்டாம், பாவித்தது வாங்கும் அளவுக்கு எனக்குச் சோதித்துப் பார்க்கத் தெரியாது. மினி என்று முடிவு. 16 ஜீபி, 256. மிச்சக் காசில் 2 டீபி எஸ்எஸ்டியும் யூபிஎஸ்ஸும். அரசடி அக்கா, ஐ5 மூலையில் இருக்கும், பேஜ்மேக்கரோடு.

கடைசியாக ஒன்று. கார்ட் ரீடர், மவுஸ், கீபோர்ட் எல்லாம் என்னிடம் பழைய யூஎஸ்பிதான். எதையெல்லாம் மாற்ற வேண்டி வரும்?


கல்முனை ரிப்பெயர் மேசை:

மாற்றத் தேவையில்லை. மினியில் பழைய யூஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை, எல்லாம் சி வகை. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. மவுஸுக்கும் கீபோர்ட்டுக்கும் சேர்த்து ஒரு சாதாரண ஹப் வாங்குங்கள். கார்ட் ரீடரை மட்டும் நல்ல சி வகை ஒன்றாகப் புதிதாக எடுங்கள், பழையதில் 90 ஜீபி இறங்கும்வரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டார்கள். எஸ்எஸ்டியைப் பின்பக்கத்தில் குத்துங்கள்.

மேசையில் வைக்கும்போது பவர் பட்டன் அடியில், பின்பக்க இடது மூலையில் இருக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள். யார் யோசித்த வடிவோ தெரியாது. இரண்டு பக்க டேப் போட்டு மேசையோடு ஒட்டிவிட்டு, எழுப்ப முடியவில்லை என்று எனக்குப் போன் எடுக்காதீர்கள்.